விரல்நுனித் துளி கூறும் சாட்சியம்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு நீரிழிவு நோயாளர் வாழ்ந்த இல்லங்கள் சிலவற்றில் காலைதோறும் நடந்த ஒரு சோதனையை முதியோர் பலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். கண்ணாடிக் குழாய் ஒன்று, ஸ்பிரிட் விளக்கு ஒன்று, நீலநிறத் திரவம் அடங்கிய புட்டி ஒன்று. அத்திரவத்தில் ஐந்து மில்லி எடுத்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைப்பார்கள். நீலம் நீலமாகவே நின்றால் மகிழ்ச்சி, பச்சையானால் சிறிது கவலை, மஞ்சளானால் பெருங்கவலை, செங்கற் சிவப்பாகிவிட்டாலோ, அன்று அவ்வீட்டில் எவரும் உரக்கப் பேசமாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலார் ஸ்டான்லி பெனடிக்ட் வகுத்துத் தந்த சோதனை அது.

அச்சோதனை பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையைக் காலந்தாழ்த்திச் சொல்லியது. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே பெரும்பாலோரின் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் கசியவிடுகிறது. ஏரி நிறைந்து கலிங்கில் வழியும் நீரைப் பார்த்து ஏரியின் ஆழத்தைக் கூற முயல்வது போன்றது இது. நீர் கலிங்கைத் தொடாத நாளில் ஏரி முக்கால் நிறைந்திருக்கிறதா, சேறு தெரிய வற்றிக் கிடக்கிறதா என்று எவ்வாறு அறிவது? சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து நோயாளர் மயங்கும் நிலையிலும் குழாயில் அதே அழகிய நீலமே தெரியும்.

இன்று அந்தக் குழாயின் இடத்தில், உள்ளங்கையில் அடங்கும் குளுக்கோமீட்டர் வந்துவிட்டது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய ஆய்வொன்று 2023-இல் வெளியாயிற்று; நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவு உடையோர் என்று அது மதிப்பிட்டது. இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது நாமும் காண்கின்றோம்: திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, மூக்குக் கண்ணாடிக்கும் செபமாலைக்கும் அருகில், இக்கருவி இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் அது எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்தோர் சிலரே. அறியாமையால் சிலர் அதன் எண்ணைத் தெய்வவாக்காகக் கொள்கின்றனர். வேறு சிலர் அடுத்தடுத்து இருமுறை பார்த்து இரண்டு எண்கள் வந்ததும், 'இது ஏமாற்று வேலை' என்று பெட்டிக்குள் போட்டுவிடுகின்றனர். இருசாராரும் ஆபத்தை விலைக்கு வாங்குகின்றார்கள்.

இக்கருவி வீட்டுக்கு வந்த வரலாறு சுவையானது. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற பட்டையை வெளியிட்டது. அதன் நுனியில் பெரிய இரத்தத் துளியை இட்டு, ஒரு நிமிடம் காத்திருந்து, நீரால் கழுவி, தோன்றும் நீலத்தின் அடர்த்தியை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். கண்ணுக்குக் கண் நிறம் வேறுபடுமன்றோ? எனவே அந்நிறத்தை ஒளியால் அளக்கும் கருவி ஒன்று 1970-ஐ ஒட்டி வந்தது. அது ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது. இரவு வேளையில் மருத்துவமனைக்கு மயங்கிய நிலையில் கொண்டுவரப்படுபவர் குடிபோதையில் கிடக்கிறாரா, நீரிழிவு மயக்கத்தில் கிடக்கிறாரா என்று பிரித்தறிய அது பயன்படும் என்றே விளம்பரம் செய்தார்களாம். நோயாளரே தம் வீட்டில் அளந்து பார்க்கலாம் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை.

ஒருவருக்கு எழுந்தது. பன்னிரண்டாம் வயதிலேயே நீரிழிவுக்கு ஆளான ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்னும் பொறியாளர் அவர். நோயாளருக்குக் கருவியை விற்க மறுத்தார்கள். அவருடைய மனைவி மருத்துவர். அவர் பெயரில் வாங்கினார். நாள்தோறும் பலமுறை அளந்து, எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது, எவ்வளவு இன்சுலின் எவ்வளவு இறக்குகிறது என்று பொறியாளருக்கே உரிய பொறுமையோடு குறித்துக்கொண்டார். அவரது உடல்நிலை தேறியது. தாம் கண்டதை மருத்துவ இதழ்களுக்கு எழுதியபோது அவை ஏற்கவில்லை. எனவே தம் நாற்பத்தைந்தாம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவராகவே வெளிவந்தார்! நோயாளர் தம் கையாலேயே அளந்து பார்க்கும் வழக்கம் உலகில் பரவியதில் இம்மனிதரின் பிடிவாதத்துக்குப் பெரும் பங்குண்டு.

இன்றைய கருவிகள் பெரும்பாலும் நிறத்தை அளப்பதில்லை, மின்சாரத்தை அளக்கின்றன. இதற்கு வித்திட்டவர் லேலண்ட் கிளார்க் என்னும் அமெரிக்க அறிஞர், ஆண்டு 1962. அவ்வழியில் இங்கிலாந்து அறிஞர்கள் உழைத்ததன் பயனாக, பேனா அளவிலான முதல் மின்முறைக் கருவி 1987-இல் விற்பனைக்கு வந்தது.

ஐந்து வினாடியில் நடப்பது

'ஸ்ட்ரிப்' என்று நாம் வழங்கும் சோதனைப் பட்டையைக் கூர்ந்து பாருங்கள். அதன் நுனியில் மயிரிழை போன்ற ஒரு வாய்க்கால் உண்டு. விரல்நுனித் துளியை அங்கே தொட்டவுடன், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இரத்தம் தானாகவே உள்ளே ஏறுகிறது. பல பட்டைகளுக்கு அரை மைக்ரோலிட்டர் இரத்தமே போதும்; ஒரு மில்லிலிட்டரை இரண்டாயிரம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு அது.

வாய்க்காலின் உள்ளே ஒரு நொதி உலர்த்திப் பூசப்பட்டிருக்கிறது. நொதி என்பது உயிர்ப்பொருள்களில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். பட்டைகளில் நெடுங்காலமாகப் பயன்படுவது குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி. இது எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? ஒருவகைக் கரும்பூசணத்திலிருந்து! கூடையில் நாட்பட்ட வெங்காயத்தின் தோலில் கரிப்பொடி தூவியதுபோல் படிகிறதே, அதே பூசணம்தான். நம் தாய்மார் முகம் சுளித்துக் குப்பையில் எறியும் ஒன்றிலிருந்து உலகெங்கும் கோடிக்கணக்கான நோயாளருக்கு உதவும் பொருள் பிறக்கிறது. படைத்தவரின் கருவூலத்தில் வீண்பொருள் என்று எதைச் சுட்டுவது?

இந்நொதியின் சிறப்பு, ஆள் அறிதல். இரத்தத்தில் உப்பு, கொழுப்பு, புரதம், வேறு சர்க்கரைகள் எனப் பல இருப்பினும், அது குளுக்கோஸை மட்டுமே பிடித்து, அதிலிருந்து எலக்ட்ரான்களைக் கவர்கிறது. கவர்ந்தவற்றை எங்கே கொடுப்பது? இயற்கையில் பிராணவாயுவிடம் கொடுக்கும். பட்டையிலோ அதற்கென்று ஒரு தரகுப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கிறது. இரும்பு கலந்த பெரிசயனைடு என்னும் உப்பு பலவற்றில் இப்பணியைச் செய்கிறது. தரகுப்பொருள் எலக்ட்ரான்களைச் சுமந்துசென்று, பட்டையில் வரியாகப் பதித்த கரி அல்லது பொன் அல்லது பல்லேடியம் மின்முனையில் இறக்கிவிடுகிறது. கருவி மிகச் சிறிய மின்னழுத்தத்தைக் கொடுத்து, ஓடிவரும் மின்னோட்டத்தை அளக்கிறது. குளுக்கோஸ் மிகுதியாயின் எலக்ட்ரான் மிகுதி. எலக்ட்ரான் மிகுதியாயின் மின்னோட்டம் மிகுதி. தொழிற்சாலையில் அத்தொகுதிப் பட்டைகளுக்கு வகுத்த கணக்கின்படி கருவி அதை எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறது.

ஆகவே கருவி சர்க்கரையை நேரில் கண்டதில்லை. அது கண்டது மின்னோட்டத்தை. கூறுவது, அம்மின்னோட்டத்தைக் கொண்டு செய்த ஊகத்தை. ஒரு நிறுவனத்தின் பட்டை மற்றொரு நிறுவனத்தின் கருவிக்கு ஏன் ஒவ்வாது என்பதும், பழைய கருவிகளில் புதிய புட்டி வாங்கும்போதெல்லாம் அதன் குறியெண்ணைப் பதிவு செய்யுமாறு ஏன் வற்புறுத்தினார்கள் என்பதும் இப்போது விளங்கும். பட்டையை நெடுக்குவாட்டில் கத்தரித்து ஒன்றை இரண்டாக்கும் சிக்கனமும் நிறம் பார்த்த காலத்துக்குரியது. மின்முனை ஓடும் பட்டையை வெட்டினால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

சாட்சியைக் கெடுப்பவை

எண் பிழைபடுவதற்கு முதற் காரணம் கருவி அன்று; கை. அரை மைக்ரோலிட்டர் இரத்தத்தில், சர்க்கரை அளவு 100 ஆக இருப்பின், குளுக்கோஸின் எடை எவ்வளவு? ஒரு கிராமை இருபது இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு! விரல்நுனியில் பழச்சாற்றின் குளுக்கோஸ் அவ்வளவே ஒட்டியிருந்து துளியோடு கலந்துவிட்டால் 100 என்பது 200 ஆகிவிடும். ஜப்பானிய மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு இல்லாதவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவி ஆகிய பழங்களை உரிக்கச் செய்து, அதே விரலில் அளந்து பார்த்தனர். கழுவாத விரல் மிகவும் உயர்ந்த எண்ணைக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த விரலுங்கூட அவ்வாறே காட்டியது. குழாய் நீரில் கழுவிய விரலே உண்மையைக் கூறியது. மாம்பழக் காலத்தில் பேரக் குழந்தைகளுக்குத் தோல் சீவிக் கொடுத்த கையோடு பாட்டியார் விரலை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கருவி 280 என்கிறது. வீட்டார் அஞ்சி, வழக்கத்துக்கு மேல் இரண்டு அலகு இன்சுலினைக் கூட்டிப் போடுகின்றனர். பாட்டியாரின் உண்மை அளவோ 120. நள்ளிரவில் என்ன நேரும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. சோப்பும் நீரும் கொண்டு கழுவி, நன்கு துடைத்து, ஈரமின்றி உலர்ந்த விரலில் குத்துங்கள். ஈரம் இருப்பின் துளி நீர்த்து, எண் தாழ்ந்துவிடும். விரலின் நடுவில் குத்தாது பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். துளி வரவில்லை என்று துணி பிழிவதுபோல் பிழிவதும் தவறு.

அடுத்த காரணம் வெப்பமும் ஈரக்காற்றும். பெரும்பாலான பட்டைகளை 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் வைக்குமாறு புட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டின் உள்ளேயும் அந்த அளவு தாண்டிவிடுகிறதே! ஆயினும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல் ஆகாது; வெளியில் எடுக்கும்போதெல்லாம் உள்ளே நீர் பூக்கும். வீட்டில் மிகவும் தண்மையான, அடுப்படிக்கு விலகிய அலமாரியே போதும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் புட்டியோடு சேர்ந்தே இருப்பதால், பட்டைகளை வேறு டப்பாவுக்கு மாற்றவேண்டாம். ஒன்றை எடுத்தவுடன் மூடியை அழுத்தி மூடுங்கள். திறந்த நாளைப் புட்டியின்மேல் எழுதிவையுங்கள். வெளிநாட்டிலிருந்து மகன் அன்போடு அனுப்பிய பட்டைகள் என்பதற்காக, காலம் கடந்தவற்றைப் போற்றி வைத்துப் பயன்படுத்துவோரை நாம் கண்டிருக்கின்றோம். அன்பு கெடுவதில்லை, நொதி கெட்டுவிடுகிறது.

வெளிநாட்டுக் கருவி என்றவுடன் மற்றொன்று. இலண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் கருவி 7 என்று காட்டினால், சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்று அலறவேண்டாம். அந்நாடுகளில் அளவுமுறை வேறு; மில்லிமோல் என்பர். அவ்வெண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும்: 126. திரையில் எச், ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தோன்றினால், கருவி 'ஹாய்' என்று நலம் விசாரிப்பதாகவும் எண்ணிவிடவேண்டாம்! எண்ணால் காட்ட இயலாத அளவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்பதே பொருள். பல கருவிகளில் 600-க்கு மேல் அவ்வாறு வரும். கை கழுவி மீண்டும் பார்த்தும் அதுவே வருமாயின் உடனே மருத்துவமனை.

இரத்தச் சோகை உடையோருக்குச் சில கருவிகள் உள்ளதைவிட உயர்த்திக் காட்டும். சிவப்பணுக்கள் குறைந்தால் கணக்கு மாறிவிடுவதே காரணம். சிறுநீரகம் பழுதுற்று வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அவர்களுக்குச் செலுத்தும் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற கரைசல் உடலில் மால்ட்டோஸாக மாறும்; ஒருவகை நொதி பூசிய பட்டைகள் அதையும் குளுக்கோஸ் என்றே எண்ணி ஏமாந்தன. இத்தகைய பொய்யான உயர்வை நம்பி இன்சுலின் செலுத்தியதால் 1997-க்கும் 2009-க்கும் இடையே 13 பேர் இறந்ததாக அறிவிக்கப்பட்டதைச் சுட்டி, அமெரிக்க அரசின் மருந்து ஆணையம் 2009-இல் எச்சரிக்கை விடுத்தது. அத்தகையோர் தம் பட்டையின் பெயரை மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெறாமல் பயன்படுத்தலாகாது.

இவையெல்லாம் செம்மையாயிருந்தும் இரண்டு எண்கள் ஒன்றாய் வாரா. அனைத்துலகத் தரவிதியே அதற்கு இடம் தந்திருக்கிறது. 100-க்கு மேற்பட்ட அளவில், நூற்றுக்கு 95 சோதனைகள் பதினைந்து விழுக்காட்டுக்குள் வேறுபடலாம். ஆய்வகத்தில் 200 எனில் வீட்டில் 170-உம் வரலாம், 230-உம் வரலாம். இரண்டும் குற்றமற்ற கருவிகளே. மேலும் உணவுக்குப் பின்னர் விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை, நரம்பில் எடுத்த இரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒப்பிட விரும்புவோர் வெறும் வயிற்றில் ஒப்பிடுதல் நன்று. நீரிழிவு உண்டா இல்லையா என்று முதன்முதலில் முடிவு செய்வதும் ஆய்வகத்தின் பணியேயன்றி இக்கருவியின் பணி அன்று. ஊசியே வேண்டாம், கைக்கடிகாரமோ மோதிரமோ அணிந்தால் சர்க்கரை தெரியும் என்று விளம்பரம் செய்வோரை நம்பவேண்டாம் என்று மேற்கூறிய அதே ஆணையம் 2024-இல் எச்சரித்துள்ளது. தோலின்கீழ் நுண்ணிழை செலுத்திப் புயத்தில் ஒட்டிக்கொள்ளும் தொடர் அளவுக் கருவிகள் வேறு. அவை நம்பத்தக்கவை, விலைதான் மிகுதி. அவையும் திசுநீரை அளப்பதால் இரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே செய்தி சொல்லும்.

ஊசியைப்பற்றி ஒரு வார்த்தை. குடும்பத்தார் அனைவரும் ஒரே குத்தூசியால் 'நமக்கும் பார்த்துவிடுவோம்' என்று வரிசையாக விரல் நீட்டுவது மிகத் தவறு. மஞ்சள் காமாலை விளைவிக்கும் 'பி' வகைக் கிருமி இவ்வழியே பரவியது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது.

குறிப்பேடும் குடும்பமும்

கையும் பட்டையும் கருவியும் உண்மை சொல்லிவிட்டால் போதுமா? 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நோயாளர் சிலருக்கு அளவுகளைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் கருவியைக் கொடுத்தனர். அந்நினைவகம் உள்ளே இருப்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை. பின்னர் அவர்கள் எழுதிவந்த குறிப்பேட்டைக் கருவியோடு ஒப்பிட்டனர். கருவியில் இல்லாத நல்ல எண்கள் குறிப்பேட்டில் இருந்தன. கருவியில் இருந்த கெட்ட எண்கள் குறிப்பேட்டில் இல்லை.

இதைப் படித்தபோது நமக்கு வியப்பு எழவில்லை. மருத்துவரிடம் செல்வதற்கு இரண்டு நாள் முன்னதாக மட்டும் பட்டினி கிடக்கும் பெரியவர்களை அறியாத பங்கு எது? அவர்கள் எவரையும் ஏமாற்ற எண்ணுபவர் அல்லர், அஞ்சுகிறார்கள். '240' என்று திரையில் தோன்றியவுடன், "நேற்று யார் வீட்டில் கேசரி சாப்பிட்டீர்கள்?" என்று மகன் அதட்டுகிறார். "சொன்னால் கேட்டால்தானே!" என்று மருமகள் முணுமுணுக்கிறார். மறுநாள் அம்முதியவர் தனியே அளந்து, 140 என்று எழுதிவிடுகிறார். மருத்துவர் அந்த 140-ஐ நம்பி மருந்தை வகுக்கிறார். காய்ச்சல், உறக்கமின்மை, மனக்கவலை, ஸ்டீராய்டு மருந்து ஆகியவை கூட ஒரு கவளம் இனிப்பும் உண்ணாத நாளில் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதை அம்மகன் அறிந்திருப்பாராயின் அதட்டியிருக்கமாட்டார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நெடுங்காலம் அமர்ந்தவர்கள் என்ற முறையில் நாம் இதை உறுதியாகக் கூறுவோம்: அதட்டிக் கேட்பவரிடம் எவரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. எண் எதுவாயினும் முகம் மாறாமல், நேரத்தையும் உண்ட உணவையும் போட்ட மருந்தையும் பக்கத்தில் எழுதிவைத்து, மருத்துவரிடம் அப்படியே காட்டுங்கள். கடந்த மூன்று மாதச் சராசரியைக் கூறும் எச்பி-ஏ-ஒன்-சி சோதனை எப்படியும் உண்மையை வெளிப்படுத்திவிடும்.

உயர்ந்த எண்ணுக்கே எல்லாரும் அஞ்சுகின்றனர். தாழ்ந்த எண் சில நிமிடங்களில் ஆளை வீழ்த்தும். 70-க்குக் கீழ் இறங்கினால் உடனே செயற்பட வேண்டும். 54-க்குக் கீழ் எனில் மிகக் கடுமை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியன கண்டால் ஏறத்தாழ 15 கிராம் குளுக்கோஸையோ சர்க்கரையையோ நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்கவேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். அருகில் கருவி இல்லையெனில் அதைத் தேடி ஓடவேண்டாம்; முதலில் சர்க்கரை, பிறகு சோதனை. ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் புறப்படும் நீரிழிவு நோயாளர் இதை மனத்தில் பதித்தல் நலம். நெடுந்தொலை நடை சர்க்கரையை வெகுவாக இறக்கும். வெயிலில் தோளில் தொங்கும் பையிலுள்ள பட்டைகளோ அதைச் சரியாகச் சொல்லும் நிலையில் இரா.

இங்கே குருவானவர் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். காலைத் திருப்பலியில் மயக்கம் வரும்போல் இருந்தும், நற்கருணை வாங்கவேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருப்போர் உளர். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 919-ஆம் எண்ணில், நற்கருணைக்கு முன் ஒரு மணிநேர நோன்பை விதிக்கும் அதே இடத்தில், தண்ணீரும் மருந்தும் அந்நோன்பை முறிப்பதில்லை என்று கூறுகிறது. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணிநேரத்துக்குள் ஏதேனும் உண்டிருப்பினும் நற்கருணை வாங்கலாம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. பிரசங்கத்தின் நடுவே குளுக்கோஸை வாயிலிட்டுக்கொண்டு, சற்று நேரத்தில் பீடத்தை அணுகலாம். பாவம் ஏதுமில்லை, ஐயுறவும் வேண்டாம். திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்தி இருக்கும் கடமையும் 18 வயது நிறைந்தவர்களில் தொடங்கி 59 வயது நிறைவுறும் வரையில்தான்; அவ்வயதினரிலும் நோயுற்றோரை அது கட்டுப்படுத்துவதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு உண்ணாமலிருப்பதைத் தவமுயற்சி என்று எவரும் கருதவேண்டாம். விரும்புவோர் மருத்துவரைக் கேட்டு, வேறொரு முயற்சியைத் தேர்ந்துகொள்ளலாம்.

நம் ஆலயத்தில் திருப்பொருள் அறையின் இடப்பக்க அலமாரியில் ஒரு டப்பா குளுக்கோஸும் ஒரு தம்ளரும் வைத்திருக்கிறோம். திருப்பலி நேரத்தில் அந்த அலமாரி பூட்டப்படுவதில்லை. கோவில்பிள்ளையிடமோ பீடச்சிறுவர் எவரிடமோ கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்.